கணினியைத் திறந்ததும் பொது ஃபோல்டர் தானாக இணைய வேண்டுமா? சிறிய அலுவலகங்களுக்கு ஒரு விளக்கம்

ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி முதலாளிகளுக்கும் கிராணிகளுக்கும் பரபரப்பான நாள். முந்தைய மாதச் சம்பளத்துக்கான ஊழியர் சேமநிதி, சொக்சோ, மாதாந்திர வரிப் பிடித்தம் மூன்றையும் அன்றைக்குள் கட்டியாக வேண்டும். அப்படிப்பட்ட நாளில் காலை எட்டரைக்குக் கணினியைத் திறந்தால், நேற்று மாலை வரை இருந்த பொது டிரைவின் மேல் சிவப்பு நிறப் பெருக்கல் குறி தெரிகிறது. சம்பளக் கோப்பு திறக்க மறுக்கிறது. யாரோ ஒருவர் பென்டிரைவில் தம்மிடம் உள்ள பிரதியைக் கொண்டு வருகிறார். அது போன வாரத்துப் பிரதி. அதில் ஒருவர் கணக்கைத் திருத்துகிறார். மாலையில் டிரைவ் திரும்பி வந்ததும் இன்னொருவர் உண்மையான கோப்பில் வேறு திருத்தம் செய்கிறார். மாதக் கடைசியில் இரண்டு தொகைகள் நிற்கின்றன. எது சரி என்று சொல்ல ஆளில்லை.

தோட்ட அலுவலகம், லாரி நிறுவனம், கணக்காய்வாளர் அலுவலகம், ஆலய நிர்வாகம், கிளினிக், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என நான்கைந்து கணினிகள் உள்ள எந்த இடத்திலும் இது நடக்கக்கூடியது. பெரும்பாலும் இதற்குக் காரணம் கணினி பழுதானது அல்ல. உள்நுழையும் நேரத்தில் அந்த இணைப்பு எப்படி உருவாகிறது என்பதை யாரும் ஒழுங்காக அமைத்து வைக்காததுதான். அதை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

பொது டிரைவ் என்பது என்ன?

'இசட்' என்றோ 'எஸ்' என்றோ உங்கள் திரையில் தெரியும் அந்த டிரைவ் உங்கள் கணினிக்குள் இல்லை. வேறொரு கணினியில், அல்லது நாஸ் எனப்படும் சேமிப்புப் பெட்டியில் உள்ள ஒரு ஃபோல்டருக்கு உங்கள் கணினி வைத்திருக்கும் சுருக்கப் பெயர் அது. தபால் முகவரி முழுவதையும் ஒவ்வொரு முறையும் எழுதாமல் 'மூலைக் கடை' என்று சொல்வது போல.

முழு முகவரி இப்படி இருக்கும்: முதலில் இரண்டு பின்சாய்வுக் கோடு, பிறகு கோப்புகள் உள்ள கணினியின் பெயர், பிறகு ஒரு பின்சாய்வுக் கோடு, கடைசியில் ஃபோல்டரின் பெயர். எடுத்துக்காட்டாக \\ஆபீஸ்1\கணக்கு. கணினியிலும் ஃபோல்டரிலும் பெயரை ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வைத்தால் பின்னால் தொல்லை குறையும்.

டிரைவுக்கு எழுத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 'ஏ', 'பி' இரண்டும் பழைய ஃபிளாப்பி தட்டுகளுக்காக ஒதுக்கப்பட்டவை. 'சி' கணினியின் சொந்தத் தட்டு. பென்டிரைவைச் செருகினால் 'டி', 'இ', 'எஃப்' என்று காலியாக உள்ள அடுத்த எழுத்தை அது எடுத்துக்கொள்ளும். பொது டிரைவுக்கு அந்த எழுத்துகளில் ஒன்றைக் கொடுத்தால் ஒரு நாள் இரண்டும் மோதும். அதனால்தான் 'இசட்', 'எஸ்', 'பி'க்குப் பின்னால் வெகுதூரம் உள்ள எழுத்துகளாகத் தேர்ந்தெடுப்பது வழக்கம். எல்லாக் கணினிகளிலும் ஒரே எழுத்தாக இருக்கட்டும். "இசட் டிரைவில் போட்டிருக்கிறேன்" என்று சொன்னால் எல்லாருக்கும் ஒரே இடம் நினைவுக்கு வர வேண்டும்.

முதலில், கோப்பு இருக்கும் கணினி

இணைக்கும் பக்கத்தைத் தொடுவதற்கு முன் கோப்பு இருக்கும் பக்கத்தைச் சரி செய்ய வேண்டும். பல அலுவலகங்களில் கோளாறு இங்கேதான் இருக்கிறது.

ஒன்று, அந்தக் கணினி உறங்கப் போகக் கூடாது. மின்சாரச் சிக்கன அமைப்பில் 'ஸ்லீப்' நேரத்தை 'நெவர்' என்று மாற்றுங்கள். திரை மட்டும் அணைந்தால் போதும். காலையில் அலுவலகத்தில் முதலில் திறக்கப்படும் கணினியும் அதுவாக இருக்கட்டும்.

இரண்டு, நெட்வொர்க் வகை 'பிரைவேட்' என்று இருக்க வேண்டும். 'பப்ளிக்' என்று இருந்தால் விண்டோஸ் அதைக் காப்பிக்கடை வைஃபை போலக் கருதி, மற்ற கணினிகளிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ளும்.

மூன்று, முகவரியில் எண்ணைப் போடாமல் கணினியின் பெயரைப் போடுங்கள். ரௌட்டர் கொடுக்கும் எண் மின்தடைக்குப் பிறகு மாறலாம். எண் மாறினால் எல்லாக் கணினிகளிலும் டிரைவ் அறுந்துவிடும். எண்ணையே பயன்படுத்தித் தீர வேண்டும் என்றால், அந்தக் கணினிக்கு எப்போதும் ஒரே எண்ணைக் கொடுக்கும்படி ரௌட்டரில் ஒதுக்கி வையுங்கள்.

நான்கு, பகிர்வுக்கென்றே தனிப் பயனர் பெயர்களைக் கோப்புக் கணினியில் உருவாக்குங்கள். இப்போது பலர் நான்கு இலக்கப் பின் எண்ணை அடித்துக் கணினியைத் திறக்கிறார்கள். அந்தப் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது; நெட்வொர்க் வழியாகப் போகும்போது அது செல்லாது. 'கடவுச்சொல் தவறு' என்று திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கே கேட்கப்படுவது கணக்கின் முழுக் கடவுச்சொல்.

சாதாரண விண்டோஸ் கணினியைக் கோப்புக் கணினியாகப் பயன்படுத்தினால் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரைதான் அது ஏற்கும். ஐந்தாறு பேர் உள்ள இடத்துக்கு அது தாராளம். அதைத் தாண்டும் இடங்களுக்கு நாஸ் பெட்டியோ விண்டோஸ் சர்வரோ தேவைப்படும்.

வழி 1: ஒரு டிக் போதும்

பத்துக் கணினிக்குக் குறைவாக உள்ள அலுவலகத்துக்கு இதுவே போதும். ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து 'திஸ் பிசி' பக்கத்துக்குப் போங்கள். மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' என்று வரும். எழுத்தைத் தேர்ந்தெடுத்து, முழு முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள்.

கீழே இரண்டு சிறு கட்டங்கள் இருக்கும். 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' என்பதில் டிக் இருந்தால் அடுத்த முறை உள்நுழையும்போது கணினி தானே இணைக்கப் பார்க்கும். 'கனெக்ட் யூசிங் டிஃபரண்ட் கிரெடென்ஷியல்ஸ்' என்பதை டிக் செய்தால், கோப்புக் கணினியில் உருவாக்கிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். அங்கே 'ரிமெம்பர்' என்பதையும் டிக் செய்ய மறக்காதீர்கள். முதல் டிக்கை மட்டும் போட்டு இதை விட்டுவிட்டால், தினமும் காலையில் கடவுச்சொல் கேட்டு நிற்கும். சேமித்த கடவுச்சொல்லை விண்டோஸ் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற இடத்தில் பூட்டி வைக்கிறது. கடவுச்சொல்லை மாற்றினால் அங்கேயும் போய் மாற்ற வேண்டும். பழையது அங்கே கிடந்தால் இணைப்பு வராது.

வழி 2: இரண்டு வரிக் கட்டளைக் கோப்பு

கணினியை இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பயன்படுத்தும் இடங்களிலும், முதல் வழி அடிக்கடி ஏமாற்றும் இடங்களிலும் இது உதவும். நோட்பேடில் இரண்டு வரி எழுதி 'பேட்' வகைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். இரண்டு வரியும் 'நெட் யூஸ்' என்ற கட்டளையில் தொடங்கும். முதல் வரி 'இசட்' எழுத்தில் ஏற்கெனவே கிடக்கும் பழைய இணைப்பை நீக்கும். இரண்டாம் வரி அதே எழுத்தைப் புதிதாக முகவரியோடு இணைக்கும்.

இந்தக் கோப்பை ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டால் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் அது ஓடும். அந்த ஃபோல்டரைத் தேட வேண்டாம். விண்டோஸ் விசையோடு 'ஆர்' விசையை அழுத்தி, வரும் பெட்டியில் 'ஷெல்', முக்காற்புள்ளி, 'ஸ்டார்ட்அப்' மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்தால் நேராக அங்கே போய்விடும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. அந்தக் கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லையும் எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பை நோட்பேடில் திறக்கும் யாரும் கடவுச்சொல்லைப் படித்துவிடலாம். கடவுச்சொல்லைக் கிரெடென்ஷியல் மேனேஜரில் ஒரு முறை சேமித்துவிட்டு, கட்டளை வரியில் முகவரியை மட்டும் வையுங்கள்.

வழி 3: ஓரிடத்தில் எழுதினால் எல்லாக் கணினிக்கும்

இருபது, முப்பது கணினி உள்ள நிறுவனங்களில் ஒவ்வொன்றாகப் போய் டிக் போட முடியாது. அங்கே விண்டோஸ் சர்வரில் 'ஆக்டிவ் டைரக்டரி' வைத்திருப்பார்கள். அதில் 'குரூப் பாலிசி' என்ற பகுதியில் 'டிரைவ் மேப்ஸ்' என்ற வசதி உண்டு. கணக்குப் பிரிவில் உள்ளவர் எந்தக் கணினியில் உள்நுழைந்தாலும் கணக்கு டிரைவ் வரும். பட்டறைப் பிரிவில் உள்ளவருக்கு உதிரிப் பாகங்கள் டிரைவ் வரும். ஒருவர் பிரிவு மாறினால் சர்வரில் அவர் பெயரை ஒரு குழுவிலிருந்து எடுத்து மற்றொன்றில் போட்டால் போதும். அவர் மேசைக்கு யாரும் போக வேண்டியதில்லை.

இதை அமைப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கணினிகள் 'ஹோம்' பதிப்பாக இருந்தால் இந்த வசதியில் சேராது. 'புரோ' பதிப்பு வேண்டும். கடையில் விலை குறைவு என்று வாங்கும் மடிக்கணினிகள் பல 'ஹோம்' பதிப்போடுதான் வருகின்றன. இரண்டாவது, 'அப்டேட்' என்ற தேர்வு பெரும்பாலும் போதும். 'ரீப்ளேஸ்' இருக்கும் இணைப்பை நீக்கிவிட்டு மறுபடியும் உருவாக்கும். மூன்றாவது, இந்தப் பகுதியில் முன்பு கடவுச்சொல்லையும் சேமிக்க முடிந்தது. அதை அவிழ்ப்பது எளிது என்று தெரிந்ததால் 2014 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை எடுத்துவிட்டது. அதற்கு முன்பு அமைத்த பழைய சர்வர்களில் அந்தப் பதிவுகள் இன்னும் கிடக்கலாம். உங்கள் கணினி ஒப்பந்தக்காரரிடம் தேடிப் பார்த்து நீக்கச் சொல்லுங்கள்.

சிவப்புப் பெருக்கல் குறி ஏன் வருகிறது?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. உள்நுழைந்ததும் 'எல்லா நெட்வொர்க் டிரைவ்களையும் இணைக்க முடியவில்லை' என்ற செய்தி வரும். பெரும்பாலும் இதற்குக் காரணம் நேர இடைவெளிதான். இன்றைய கணினிகள் சில வினாடிகளில் திரையைக் காட்டிவிடுகின்றன. வைஃபை இணைப்போ அதற்குப் பிறகுதான் உயிர் பெறுகிறது. டிரைவை இணைக்கும் முயற்சி இரண்டுக்கும் நடுவில் நடந்து தோற்றுவிடுகிறது. அந்த டிரைவை இரட்டைச் சொடுக்குச் செய்தால் உடனே திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் வைஃபை வந்துவிட்டது.

மலிவான தீர்வு கம்பி. மேசைக் கணினிகளை ரௌட்டரோடு கேபிள் போட்டு இணைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். கம்பி போட முடியாத இடத்தில், இரண்டாம் வழியில் சொன்ன கட்டளைக் கோப்பை 'டாஸ்க் ஷெட்யூலர்' மூலம், உள்நுழைந்து 30 வினாடி கழித்து ஓடும்படி வைக்கலாம். அதில் 'ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' என்ற கட்டத்தை டிக் செய்யாதீர்கள். செய்தால் டிரைவ் நிர்வாகி உரிமையின் கீழ் இணைந்து, சாதாரணத் திரையில் தெரியாமல் போகும். கணக்கு மென்பொருளை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்தால் அதற்குள் பொது டிரைவ் காணாமல் போவதும் இதே காரணத்தால்தான். சர்வர் உள்ள இடங்களில் 'நெட்வொர்க் வரும்வரை காத்திரு' என்ற விதியைக் குரூப் பாலிசியில் இயக்கலாம்.

குரூப் பாலிசி வழியாக உள்நுழைவுக் கட்டளைக் கோப்பை ஓட்டும் நிறுவனங்களில், திரை வந்து ஐந்து நிமிடம் கழித்தே டிரைவ் வருவதாகச் சொல்வார்கள். அது கோளாறு அல்ல. விண்டோஸ் 8.1 முதல் அந்தத் தாமதம் இயல்பாகவே வைக்கப்பட்டுள்ளது. அதைக் குறைக்க அங்கேயே ஒரு தேர்வு உண்டு.

இன்னொரு செய்தி, ஒரே கோப்புக் கணினிக்கு இரண்டு பயனர் பெயர்களில் இணைய முடியாது என்று சொல்லும். ஒருவர் தம் பெயரில் ஒரு ஃபோல்டரையும் மேலாளர் பெயரில் இன்னொரு ஃபோல்டரையும் திறக்கப் பார்த்தால் இது வரும். ஒரு ஆளுக்கு ஒரே பெயர், அந்தப் பெயருக்குத் தேவையான எல்லா ஃபோல்டர்களிலும் உரிமை என்று அமைத்தால் தீர்ந்துவிடும்.

பழைய நாஸ் பெட்டி திடீரென்று நின்றுபோனதா?

கோப்புப் பகிர்வுக்கு விண்டோஸ் பயன்படுத்தும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்ற பிணைத்தொகை வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதி முதல் புதிய விண்டோஸ்களில் எஸ்எம்பி முதல் பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. அதை மட்டுமே பேசத் தெரிந்த பழைய பெட்டிகள் புதுக் கணினிக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

அடுத்த மாற்றம் 2024இல் வந்தது. விண்டோஸ் 11இன் '24எச்2' பதிப்பு, புரோ கணினிகளில், பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் 'கெஸ்ட்' ஆகத் திறக்கும் பகிர்வுகளை இயல்பாக மறுக்கிறது. கோப்புகள் வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கான மின்கையொப்பத்தையும் மறுமுனையிடம் கேட்கிறது. ஹோம் பதிப்பில் இந்தக் கண்டிப்பு இல்லை. அதனால்தான் ஒரே அறையில் ஒரு கணினியில் டிரைவ் திறக்கிறது, பக்கத்துக் கணினியில் திறப்பதில்லை. விண்டோஸ் 10க்கான இலவசப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், புதுக் கணினி வாங்கும் அலுவலகங்கள் இதைச் சந்திக்கின்றன.

அந்தப் பாதுகாப்பை நிறுத்திவிட்டால் டிரைவ் வந்துவிடும் என்று யாராவது சொல்லலாம். வரும், கூடவே பூட்டில்லாத கதவும் வரும். நாஸ் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, ஒவ்வொருவருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குவதே சரியான வழி. புதுப்பிக்க வழியில்லாத அளவுக்குப் பழைய பெட்டி என்றால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது.

யாருக்கு எந்தக் கதவு?

டிரைவ் தானாக வருவது வசதி. எல்லா டிரைவும் எல்லாருக்கும் வருவது ஆபத்து. சம்பள ஃபோல்டரில் தொழிலாளர்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், முன்பணக் கடன் எல்லாம் இருக்கும். வியாபார நிறுவனங்கள் வைத்திருக்கும் இத்தகைய விவரங்களுக்குத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 பொருந்தும். அதன் திருத்தங்களின்படி, குறிப்பிடத்தக்க பாதிப்பை உண்டாக்கக்கூடிய கசிவு ஏற்பட்டால் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டிய கடமை 2025 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

எனவே ஃபோல்டர்களைப் பிரித்து வையுங்கள். 'பொது' எல்லாருக்கும், 'கணக்கு' கணக்குப் பிரிவுக்கு, 'சம்பளம்' இரண்டு பேருக்கு மட்டும். விண்டோஸில் உரிமை இரண்டு இடங்களில் கொடுக்கப்படுகிறது: ஃபோல்டரைப் பகிரும் இடத்தில் ஒன்று, அதன் 'செக்யூரிட்டி' பக்கத்தில் இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். பகிரும் இடத்தில் முழு உரிமை கொடுத்தும் கோப்பைச் சேமிக்க முடியவில்லை என்றால் மற்றப் பக்கத்தைப் பாருங்கள். ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றே அவர் பெயரை நிறுத்துங்கள். எல்லாரும் ஒரே பெயரைப் பயன்படுத்தும் அலுவலகத்தில் அதைச் செய்ய முடியாது.

இணைந்த டிரைவ் காப்புப் பிரதி ஆகாது

பலர் "இசட் டிரைவில் இருக்கிறது, பத்திரம்" என்று நினைக்கிறார்கள். பிணைத்தொகை வைரஸ் ஒரு கணினியில் நுழைந்தால், அந்தக் கணினியில் தெரியும் எல்லா டிரைவ்களையும் பூட்ட முயலும். தானாக இணைந்த டிரைவும் அதில் அடங்கும். வருமான வரிக்கான கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பதிவு பெற்ற சங்கங்கள் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். அந்தக் கோப்புகள் போய்விட்டால் நினைவிலிருந்து எழுத முடியாது.

இதற்கு உலகெங்கும் சொல்லப்படும் எளிய கணக்கு 3-2-1: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வாரம் ஒரு முறை வெளித்தட்டில் நகல் எடுத்து, தட்டைக் கழற்றி வேறு கட்டடத்தில் வைத்தாலே பாதிக் கவலை குறையும். கழற்றுவதுதான் முக்கியம், செருகியே கிடக்கும் தட்டையும் வைரஸ் பூட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அந்த நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு தாள்

இத்தனையும் செய்து முடித்ததும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: கோப்புக் கணினியின் பெயர், ஃபோல்டர்களின் பெயர், எந்த எழுத்து எதற்கு, யாருக்கு எந்த உரிமை, நகல் தட்டு எங்கே, கணினி ஒப்பந்தக்காரரின் தொலைபேசி எண். கடவுச்சொற்களை அதில் எழுதாமல், தனி உறையில் ஒட்டி நிர்வாகியிடமோ சங்கத் தலைவரிடமோ கொடுங்கள்.

நம் சிறு அலுவலகங்கள் பலவற்றில் இந்த விவரமெல்லாம் ஒரே ஒருவரின் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் விடுப்பில் போனாலோ ஓய்வு பெற்றாலோ அலுவலகமே நின்றுவிடுகிறது. அந்தத் தாளைப் பார்த்து இளைய பணியாளர் ஒருவர் தாமே ஒரு கணினியை இணைக்கும்படி செய்து பாருங்கள். யாரையும் கேட்காமல் அவரால் முடிந்தால் உங்கள் அமைப்பு சரியாக இருக்கிறது.